தெய்வநாயகத்தின் மாத நடை

ஓய்வு பெற்றவர்களின் மாத நடை இலக்கைச் சரிபார்க்கிற பேசும் பெட்டி கூடத்துச் சுவரில் இருந்தது. நடை குறைந்தால் அடுத்த மாதம் காபிக்குத் தடை. தெய்வநாயகத்தால் காபியையும் விட முடியாது, நடக்கவும் முடியாது. ஆகவே, "வளையலாட்டம் அழகா இருக்கு" என்று, அடிகளை எண்ணும் தன் நடைப்பட்டையை மனைவி விசாலாட்சியின் கையில் மாட்டிவிட்டு, மாதம் முழுக்க ஊஞ்சலில் ஆடினார்.

மாதக் கடைசியில் பெட்டி பேசியது.

"நடை பிரமாதம் ஐயா. ஆனால் எல்லாமே அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில். ஒரு வேளைகூட நீங்கள் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஓய்வு பெற்றவர் மாதிரியே தெரியவில்லை. அடுத்த மாதம் முழு ஓய்வு. பட்டை கட்டிய கை தொட்டால் அடுப்பு எரியாது."

தனக்குப் பரிமாறிவிட்டு அவள் எப்போது சாப்பிடுவாள் என்று தெய்வநாயகம் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அந்தச் சங்கடத்தோடேயே அவசரமாகக் கையை நீட்டினார்.

"அதைக் கழட்டிக் குடு, விசாலம்."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அழகா இருக்குன்னீங்களே, இருக்கட்டும்." ஊஞ்சலில் ஏறிக் காலை நீட்டினாள். "எனக்கு ஸ்ட்ராங்கா ஒரு காபி."

அவர் அடுக்களைக்குள் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"காபித்தூள் எங்கே வெச்சிருக்கே?"

"நடந்து தேடுங்க," என்றாள் விசாலாட்சி. "உடம்புக்கு நல்லது."