எல்சி பேரில் ஒரு செடி

"ஏங்க, நம்ம பொண்ணு பேரை எவனோ அழிக்கப் பார்க்கிறான். நீங்களும் சரின்னு எழுதப் போறீங்களா?"

அருள்மேரியின் குரல் உயர்ந்தது. இருதயசாமி லென்ஸைத் துடைத்தார்.

பிறந்து வளர்ந்தது மன்னார்குடி என்றாலும், அவருக்கு வேலை வாய்த்தது ராஜஸ்தான் பாலைவனத்தில். தாவர ஆய்வாளர்; ஓய்வு பெற்று இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அங்கே கண்டுபிடித்த ஒரு புதருக்கு, அந்த வருஷம் பிறந்த மகள் எல்சியின் பெயரையே லத்தீனில் 'எல்சியே' என்று வைத்தார். தாவர நூல்களில் எல்லாம் அந்தப் பெயர் ஏறியது.

இப்போது, அது தனி இனமே அல்ல, முன்பே பெயர் பெற்ற வேறொரு புதர்தான் என்று ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். வெளியிடலாமா என்று ஓர் அறிவியல் இதழ் இருதயசாமியிடமே கருத்துக் கேட்டிருந்தது. வழக்கப்படி, எழுதியவர் பெயரை மறைத்திருந்தார்கள்.

"என்னதான் சொல்றான்?"

"இலையில பொடி முடி மாதிரி சுணை இருக்கிறதை வெச்சுத்தான் நான் தனி இனம்னு சொன்னேன். மழை பொய்ச்சா அந்தப் பழைய செடியிலயும் சுணை வருமாம்."

"தப்புன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. உங்களை யார் கேட்கப் போறா? அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவ, வருஷக் கணக்கா முகத்தைக்கூடக் காட்டல. அவ பேராவது புத்தகத்துல இருக்கட்டுமே!"

அது அவரைத் தைத்தது. ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் காலத்தில் உலர்த்தி அட்டையில் ஒட்டிய அந்தப் புதரின் கிளையை எடுத்து லென்ஸின் கீழ் வைத்தார்.

கீழ் இலைகளில் சுணை அடர்ந்திருந்தது. அதே கிளையின் நுனியில், மழைக்குப் பின் துளிர்த்திருந்த இலை வழவழவென்றிருந்தது. இத்தனை காலம் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"எழுதினவர் சொல்றது சரிதான் மேரி. நான்தான் ஒழுங்காப் பார்க்கல."

'கட்டுரையை வெளியிடலாம்' என்று எழுதி அனுப்பினார். அருள்மேரி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சில வாரம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. எல்சிதான்.

"அப்பா, என்னோட முதல் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்கப்பா!"

"ரொம்ப சந்தோஷம்மா! எதைப் பத்தி எழுதின?"

எல்சி குரலைத் தாழ்த்தினாள்.

"திட்டாதீங்கப்பா... நீங்க என் பேரு வெச்சீங்களே, அந்தச் செடியைப் பத்தித்தான்."