பண்டான் வாசம்
மலேசியாவின் ரெம்பியா ஊரில், கடைவீட்டு மாடியில் ஞாயிறு ஆராதனை. ஆவிகளைப் பகுத்தறியும் வரம் பெற்றவர் என்று சபையே நம்பும் சற்குணம் டீச்சர் மைக்கோடு நிற்கிறார். எதிரே, ரப்பர் தோட்டத்திலிருந்து சபைக்கு முதன்முறையாக வந்திருக்கும் மலர்க்கொடி. அவள் நெற்றியில் வெள்ளையைக் கண்டதும், "திருநீறு! இவளுக்குள்ள பழைய ஆவி கிடக்கு" என்று டீச்சர் முழங்கி, கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டார். துடைத்த இடத்தில் வேர்க்குரு சிவந்து கசிகிறது. டீச்சரின் விரலில் பண்டான் இலை வாசம். திருநீறு இல்லை, பாசார்ச் சந்தையில் மலாய்க்காரம்மா விற்கிற, பண்டான் கலந்த அரிசிமாவுப் பெடாக் பவுடர். வெக்கைக்கு டீச்சரும் அதைத்தான் பூசுகிறார். காலையில் பூசியது ரவிக்கைக்குள் இன்னும் பிசுபிசுக்கிறது. சொல்லிவிடத்தான் வாய் திறக்கிறார். அத்தனை கண்களும் அவர் மேல் இருக்கின்றன. மைக் வியர்வையில் வழுக்குகிறது. மலர்க்கொடி கை கூப்பிக்கொண்டு கிசுகிசுக்கிறாள்: "வேர்க்குருவுக்குப் பெடாக்குதான் டீச்சர் போட்டேன். அதுல ஆவி இருந்தது எனக்குத் தெரியலயே. இப்ப போயிருச்சா?"
"போயிட்டுது பிள்ளை" என்கிறார் டீச்சர், கட்டைவிரலைச் சேலை மடிப்புக்குள் தேய்த்துக்கொண்டே.