ஏழாவது மாடு

அன்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இருந்தவர்கள்: காஞ்சிபுரத்திலிருந்து வந்த மறுவாழ்வு அதிகாரி, அவருடைய பியூன், மாட்டு டாக்டர், ஏட்டு கோதண்டம், பஞ்சாயத்துத் தலைவர் சுப்பராயன், மாடு வாங்க வந்த ஆறு பேர், கூப்பிடாமல் வந்த கிளியம்மாள், பெயர் எழுத உட்கார்ந்த நான். மொத்தம் பதின்மூன்று பேர். மாடு ஏழு.

எழுபத்தெட்டாம் வருஷம். மதுவிலக்கு இருந்த காலம். கள்ளச்சாராயம் காய்ச்சுவதை விட்டவர்கள் பிழைத்துக்கொள்ள அரசாங்கம் ஆளுக்கு ஒரு கறவை மாடு கொடுத்தது. ஒரே நிபந்தனை. காய்ச்சியதாக ஸ்டேஷனில் அவர் பெயரில் ஒரு கேஸ் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கேஸ் ஆறு. மாடு ஒன்று கூடுதலாக வந்துவிட்டது.

"அத எனக்குக் குடுங்க சார்," என்றாள் கிளியம்மாள். "மூணு வருசமா காய்ச்சினவ நானு."

"பெருமையா வேற சொல்றா பாரு," என்றார் தலைவர். "வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வெக்கப்பட்டுதான் வுட்டுட்டேன். நாலு மாசம் ஆவுது."

அதிகாரி பட்டியலை இரண்டு முறை பார்த்தார்.

"ஒன் பேர்ல ஒண்ணும் இல்லையேம்மா. கேஸ் இல்லாதவங்களுக்கு மாடு கெடையாது."

"ஏட்டய்யாவக் கேளுங்க சார். அவருக்குத் தெரியாததா?"

ஏட்டு, மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு கங்காவுக்கு இது ஏழாம் மாசம். சாராயம் காய்ச்சற வூட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன்னு மாமியாக்காரி சொல்லிட்டா. அதான் வுட்டேன். இப்ப பொண்ணு வந்தா, கஞ்சி ஊத்த வழியில்ல. மாடு இருந்தா பொழச்சிக்குவேன்."

"புரியுதும்மா. ஆனா நீ குற்றவாளின்னு எதை வெச்சு எழுதறது?"

கிளியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அந்த ஆறு கேஸும் எங்க அடுப்புல புடிச்சதுதான் சார்."

"அப்ப இவங்க ஆறு பேரு?"

"பேர் குடுத்தாங்க. ஸ்டேஷன்ல வருசத்துக்கு ரெண்டு கேஸாவது காட்டணும். அப்ப கங்காவுக்குக் கல்யாணம் ஆவல, நான் உள்ள போனா வயசுப் பொண்ணு தனியா நிக்கணும். அதான் எனக்குப் பதிலா ஒவ்வொருத்தரா நின்னாங்க. தலைக்கு ஒரு வேட்டி, ரெண்டு மரக்கா கேவுரு. ஃபைனும் நானே கட்டிட்டேன்."

அதிகாரி ஆறு பேரையும் பார்த்தார். ஆறு பேர் கையிலும் கயிறு இருந்தது.

"இந்தம்மா சொல்றது நெசமா?"

முதலில் நின்றவன் நடேசன். வெற்றிலை வியாபாரி.

"அந்தம்மாவா சார்? கோயில் மாதிரி வூடு சார் அது. பாவி நான்தான் காய்ச்சினேன்."

"எப்படிக் காய்ச்சினே?"

"அடுப்பு மூட்டி சார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏட்டய்யா வந்துட்டாரு."

மாட்டு டாக்டர் திரும்பிக்கொண்டு இருமினார்.

மற்ற ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். கடைசியில் நின்ற அப்பாவு மட்டும், "நான் ரெண்டு தபா காய்ச்சினேன் சார்," என்று ஒரு தடவை கூட்டியே சொன்னான்.

அதிகாரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கிளியம்மாள் நன்னடத்தை உள்ளவர். அவர் மீது எக்குற்றமும் இல்லை என ஆறு பேர் சாட்சி.' கீழே அவளிடம் கைநாட்டு வாங்கினோம். எங்கள் ஊரில் அதற்கு முன் யாருக்கும் அப்படி ஒரு சான்று எழுதியதில்லை. தலைவருக்குக்கூட.

"மிச்ச மாட்டைப் பதினஞ்சு நாள் இங்கயே கட்டி வைங்க," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள தகுதியுள்ள ஆள் வந்தா குடுக்கலாம். இல்லேன்னா திருப்பி அனுப்பிடணும்."

அதிகாரியும் பியூனும் டாக்டரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். ஐந்து பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்பாவு இழுத்த இழுப்புக்கு அவன் மாடு வரவில்லை; அதன் கன்று பின்னால் நின்றது.

"கயித்த வுடுடா," என்றாள் கிளியம்மாள். "கன்ன முன்னால நடக்க வுடு. தாய் தானா வரும்."

அவள் சொன்னபடி செய்தான். மாடு நடந்தது. அப்பாவு அவள் முகத்தைப் பார்க்காமலே போனான்.

கூட்டம் கலைந்ததும் ஏட்டு அவள் பக்கத்தில் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் மனசு கேக்கல கிளியம்மா. ஒரு வழி கீது."

"இன்னா வழி?"

"ஒன் பேர்ல ஒரே ஒரு கேஸ். பதினஞ்சு நாளைக்குள்ள. நானே வந்து புடிக்கிறேன். ஃபைனோட போயிடும்."

"நான்தான் வுட்டுட்டேனே ஏட்டய்யா."

"அதத்தான் நானும் சொல்றேன். வுட்டவங்களுக்குத்தான் மாடு. மொதல்ல காய்ச்சினதா எழுத்துல இருந்தாத்தான, அப்புறம் வுட்டதா எழுத முடியும்?"

"கங்கா மாமியாருக்குத் தெரிஞ்சா?"

"புள்ள பெத்தவளுக்குப் பாலு வேணாமா? வாசல்ல மாடு நின்னா எந்த மாமியாரும் வாயத் தொறக்க மாட்டா."

ஏழாவது மாடு தலையைத் தாழ்த்தி கிளியம்மாளின் முந்தானையை முகர்ந்தது. அவள் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

"காய்ச்சற பானைங்கள ஒடச்சிட்டேன்," என்றாள். "ஒம்போது இருந்திச்சி. எட்ட ஒடச்சாச்சு."

"மீதி?"

கிளியம்மாள் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணு."