சராசரி சார்

“சார், ஒரு பழைய மெஷின். பழுது பார்க்கிறதா, அப்படியே ஓட விடுறதா? திங்கக்கிழமை முடிவு சொல்லியாகணும்.”

மதிய இடைவேளை. மற்றவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். வகுப்பில் படிக்கும் நர்ஸ் ஒருத்தி மட்டும் ஆசிரியரின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

ஆசிரியர் அப்போது வேறு துக்கத்தில் இருந்தார். பையைத் திறந்தால், சாப்பாட்டு டப்பாவின் மூடி கழன்று விடைத்தாள் கட்டு முழுக்க எண்ணெய்.

“முன்னெல்லாம் இந்த மூடியைத் திறக்க ரெண்டு ஆள் வேணும்மா. அப்படி அழுத்தி மூடுவா என் வீட்டுக்காரி. இப்போ கொஞ்ச நாளா தொட்டாலே திறந்துக்குது. டப்பாவுக்கு வயசாயிடுச்சு, மாத்தணும்.”

நர்ஸ் விடைத்தாள்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு அது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று பெரிய பெயர். எது நடக்கும் என்று தெரியாத நேரத்தில் கணக்குப் போட்டு முடிவெடுப்பது எப்படி என்பதுதான் பாடம். எதைக் கேட்டாலும் ‘சராசரியா என்ன கிடைக்கும், அதைப் பாருங்க’ என்று ஆரம்பிப்பதால் ஆசிரியருக்கு ‘சராசரி சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்பதற்கே பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

“சொல்லுங்க. பழுது பார்த்தா?”

“பத்துக்கு நாலு வாய்ப்பு, சரியாகும். சரியானா மூணு வருஷம் ஓடும். ஆகலைன்னா அன்னைக்கே நின்னுடும்.”

“பார்க்கலைன்னா?”

“எட்டு மாசம் ஓடும். அது நிச்சயம்.”

அவர் பலகையில் இரண்டு கிளை வரைந்தார். எண்ணெய்க் கையில் சாக்பீஸ் வழுக்கியது. “முப்பத்தாறு மாசத்துல பத்துக்கு நாலு பங்கு. சராசரியா பதினாலு மாசத்துக்கு மேல வருது. இந்தப் பக்கம் வெறும் எட்டு. இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா? பழுது பாருங்க.”

நர்ஸ் நகரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “இது மெஷின் இல்லதானே?”

“இல்ல சார்.”

“உங்க அம்மாவா?”

“எங்க வார்டுக்கு வர்ற ஒரு அக்கா. வீட்டுக்குத் தெரியாம வந்து காட்டிட்டுப் போறாங்க. சர்ஜரி பண்ணிக்கிறாங்களா இல்லையான்னு டாக்டர்கிட்ட சொல்லணும். கணக்குத் தெரிஞ்சவர்கிட்ட கேட்டு வான்னு அவங்கதான் அனுப்பினாங்க. மெஷின்னு சொல்லச் சொன்னதும் அவங்கதான்.”

“புருஷன் இல்லையா?”

“இருக்காரு சார். நல்லவருதான். ஆனா இவங்களுக்கு ஒரு காய்ச்சல்னாக்கூட அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதாம். சொன்னா அழுதுக்கிட்டு நிப்பாரு, முடிவு எடுக்க மாட்டாருன்னு சொல்றாங்க.”

“அப்படியும் ஒரு ஆளா?” ஆசிரியர் சலித்துக்கொண்டார். “பொண்டாட்டிக்கு இப்படி ஒண்ணு நடக்குது. அதுகூடத் தெரியாம சாப்பிட்டுத் தூங்குறானே.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அந்தப் பதினாலை உள்ளங்கையாலேயே அழித்தார்.

“நான் சொன்னது தப்பும்மா. ஆயிரம் மெஷின் வச்சிருக்கிற முதலாளிக்குத்தான் சராசரி எல்லாம். இவங்க ஒருத்தர். இவங்களுக்குப் பதினாலு மாசம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மூணு வருஷம், இல்லைன்னா அன்னைக்கே. அதுலயும் அன்னைக்கே போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.” குரல் இறங்கியிருந்தது. “வீட்டுல ஒரு வார்த்தை சொல்லாமப் போய்ப் படுத்து, எழுந்திரிக்காமப் போயிட்டா அந்த மனுஷன் என்ன ஆவான்? சர்ஜரி வேண்டாம். கையில இருக்கிற எட்டு மாசத்தை வாழச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?”

“யோசிச்சுத்தான் சொல்றேன். புருஷன்கிட்ட இன்னைக்கே சொல்லச் சொல்லுங்க. அழுதா அழட்டும். அழுது முடிச்சிட்டு, வேலையை எல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் பக்கத்துல போய் உட்காரட்டும். நானா இருந்தா அதைத்தான் செய்வேன்.”

டப்பாவில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நர்ஸ் படி இறங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத திருப்பத்தில் நின்று போனை எடுத்தாள். முதல் மணி அடித்ததுமே அந்தப் பக்கம் எடுத்தாயிற்று.

“கேட்டுட்டேன் அக்கா. சர்ஜரி வேண்டாம்னு சொல்லிட்டாரு. வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லணுமாம்.”

“சரிம்மா. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். சாயங்காலம் வந்ததும் சொல்லிடுறேன்,” என்றாள் அக்கா. “அதை விடு. இன்னைக்காவது டப்பா மூடி நின்னுச்சா? ரெண்டு கையாலயும் அழுத்திப் பார்த்தேன், பலமே இல்ல. பசங்க பேப்பர்ல கொட்டியிருந்தா, பாவம், மனுஷன் சரியாச் சாப்பிட்டிருக்கக்கூட மாட்டாரு.”