குண்டனின் பத்தியம்

"மறுபடியும் ஏறியிருக்கானே! காத்தைக் குடிச்சா இப்படி ஊதறான்?"

விலங்குக் காட்சிசாலையின் டாக்டரம்மா, கூண்டின் பின்பக்கக் கம்பி வழியே எடை மேடையின் முள்ளை முறைத்தார். மேடைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த சிம்பன்சி, ஊருக்கெல்லாம் செல்லமான குண்டன், யாரைப் பற்றியோ பேச்சு என்பது போலக் காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

பக்கத்தில் நின்ற பராமரிப்பாளர் கால்சட்டையை மேலே இழுத்து விட்டுக்கொண்டார். பாவம், குண்டனைப் பற்றிய கவலையில் ஆளே பாதியாகிவிட்டார் என்று டாக்டரம்மாவுக்குப் பரிதாபமாக இருந்தது.

இருக்காதா பின்னே? குட்டியாக வந்தவனைத் தூக்கி வளர்த்தவர். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிப் பழக்கியவரும் அவரேதான். அதற்காகப் பத்தியம் ஆரம்பித்த அன்றே டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"காட்டுல அடுப்பு இருக்காண்ணே? இவன் பரம்பரையில யாராவது ரொட்டி சுட்டிருக்காங்களா? அவ்வளவு ஏன், நம்ம பரம்பரையிலேயே அது நேத்து வந்த பழக்கம். அதுக்கு முன்னாடி லட்சக்கணக்கான வருஷமா இலை, கிழங்கு, கொட்டை, கிடைச்சா முட்டை, இறைச்சி. அதுக்குப் பழகின உடம்புல மூணு வேளையும் மாவையும் சர்க்கரையையும் கொட்டினா இதயம் என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப மனுஷனுக்கும் அதே கதைதானாம்மா?"

"மனுஷன் மட்டும் வானத்துல இருந்தா குதிச்சான்? நீங்களுந்தான் சர்க்கரைக்கு மாத்திரை போடறீங்க!"

அன்றிலிருந்து குண்டனுக்குக் கீரை, முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், அவித்த முட்டை, கைப்பிடி கொட்டை. எல்லாம் டாக்டரம்மாவே நின்று பார்த்து நறுக்க வைத்தவை. தட்டு தினமும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாகத்தான் திரும்பி வந்தது. எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பார்க்க வருகிறவர்கள் மேல் சந்தேகப்பட்டு டாக்டரம்மா கூண்டுக்கு முன்னால் வலை கட்டினார். 'தீனி போடாதீர்கள்' என்று ஆளுயரப் பலகை வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கயிற்றில் நாலு எட்டு ஏறினாலே குண்டனுக்கு மூச்சு வாங்கியது.

"மேலதிகாரி கறாரா சொல்லிட்டார்ணே. இந்தத் தடவையும் குறையலைன்னா பழைய சாப்பாட்டையே போடணுமாம். போட்டா இவன் இதயம் ரொம்ப நாள் தாங்காது." டாக்டரம்மா எடைக் குறிப்பேட்டை மூடினார். "நான் படிச்சதுதான் தப்போ என்னவோ."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்று பதறினார் பராமரிப்பாளர்.

அப்போது மூச்சிரைக்க ஓர் அம்மாள் வந்தார். பராமரிப்பாளரின் மனைவி. கையில் சாப்பாட்டு டப்பா.

"சோத்து மூட்டையை மறந்துட்டு வர்ற ஆளைப் பார்த்திருக்கீங்களா டாக்டரம்மா? இவருக்கு என்ன ஆச்சுன்னு நீங்களாவது பார்த்துச் சொல்லுங்க."

"நான் மிருக டாக்டர்மா."

"பரவாயில்ல, இவரும் பாதி அதுதான். ரத்தத்துல சர்க்கரையே ஏறலைன்னு எங்க டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டாரு. நான் எப்பவும்போல ரொட்டி, உருளைக்கிழங்கு, ஜாம் எல்லாம் அமுக்கி அமுக்கித்தான் வைக்கிறேன். டப்பாவும் காலியாத்தான் வருது. ஆளு மட்டும் கரையுறாரு. உள்ளுக்குள்ள ஏதாவது பெரிய வியாதியோன்னு பயமா இருக்கு."

"நீ முதல்ல வீட்டுக்குக் கிளம்பு," என்று டப்பாவைப் பிடுங்கப் போனார் பராமரிப்பாளர்.

அதற்குள் குண்டன் பார்த்துவிட்டான். மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தான். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, டப்பாவின் கொக்கியைப் பழகிய விரலால் நெம்பி, மூடியைத் திறந்து, இரண்டு ரொட்டியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான்.

டாக்டரம்மா டப்பாவையும் பராமரிப்பாளரின் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொன்ன சாப்பாட்டைத் தொட மாட்டேன்னு இவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டான்மா. பெத்த மனசு மாதிரி ஆயிடுச்சு, கேக்கல. தட்டை மாத்திக்கிட்டோம்," என்றார் பராமரிப்பாளர் தலையைக் குனிந்தபடி. "ஆனா உங்க படிப்பு நூத்துக்கு நூறு சரிம்மா. அந்தப் பத்தியம் மனுஷனுக்கு நல்லாவே ஒத்துக்குது!"