கிழக்குக் கயிறு

2011 ஜனவரி 13, வியாழக்கிழமை. காலை ஏழு மணி. கன்னியாகுமரி மாவட்டம், செம்பாறைத்துறை. கரையில் நின்று இரண்டு கயிறுகளால் இழுக்கும் கரமடி வலையின் கிழக்குக் கயிற்றில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். மேற்குக் கயிற்றில் இன்னும் சிலர் கூடுதல்.

அவள் குன்றின் படிகளில் இறங்கி வந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அந்த ஊர் ஐந்து மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தது.

சின்னக் கரை. மூன்று பக்கமும் செம்பாறைக் குன்று. அதன் அடியிலிருந்து தண்ணீர் வரை நாற்பது எட்டு வைக்கும் தூரம். கயிறு இழுப்பவர்கள் பின்னோக்கி நடந்துகொண்டே போவார்கள். முதுகு பாறையில் முட்டியதும் கையை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, மறுபடி முன்னால் பிடிப்பார்கள். வலை கரை சேரும்வரை இதுதான்.

"என்னல, மாதாவுக்க சப்பரமா தூக்குறிய? வேகமா இழுங்க" என்றார் ததேயுஸ். வலை அவருடையது.

"நீரும் ஒரு கை புடியும் மாமா" என்றான் கிறிசாந்து. "வயித்த மட்டும் வீட்டுல வச்சிட்டு வாரும்."

சிரித்தார்கள். இருபது நாளைக்குப் பிறகு சாளை மீன் வந்திருந்தது. வலை வளைத்த இடத்தில் தண்ணீர் கறுத்துத் துடித்தது.

வலை கரையைத் தொடுவதற்குள் கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் மீனில் பங்கு உண்டு. பெயர்கூடக் கேட்பதில்லை. போன மாதம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் இழுத்தார். ஒரு பை சாளையோடு போனார்.

அது கரையின் வழக்கம்.

ஊர்க் கமிட்டிக்கு வேறு வழக்கம் இருந்தது. ஆகஸ்டில் கமிட்டித் தலைவரின் மருமகன் ஓட்டிய படகு அவள் கணவனின் வள்ளத்தை இடித்து உடைத்தது. கணவன் கமிட்டிக்கு வராமல் நேராகப் போலீசுக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊர்விலக்கு. அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது. எதையும் விற்கக் கூடாது. சேர்ந்து வேலை செய்யக் கூடாது. மீறினால் மீறியவர் வீட்டுக்கும் அதுவே.

இரண்டாம் மாதம் கணவன் கொச்சிக்கு வேலைக்குப் போனான். அவள் இருந்தாள். அரிசியை டவுனில் வாங்கிக்கொண்டாள். மீன் வாங்க முடியவில்லை. டவுன் சந்தையில் மீன் விற்றவர்களும் இந்த ஊர்ப் பெண்கள்தான்.

இன்று அவள் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றாள்.

கிறிசாந்துக்கும் பெர்ப்பெத்துக்கும் நடுவில் ஒரு கை இடம் இருந்தது. பெர்ப்பெத்து அவளுடைய அக்கா.

அவள் கயிற்றைப் பிடித்தாள்.

கிறிசாந்து கையை எடுத்துவிட்டான். சூடு பட்டதுபோல.

அவனுக்கு முன்னால் இருந்தவர் விட்டார். பிறகு பின்னால். யாரும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள், விட்டார்கள். பாறை ஓரத்தில் நின்ற கிழவர் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே விட்டார்.

கயிறு கடலை நோக்கி ஓடத் தொடங்கியது.

அவள் குதிகாலை மணலில் ஊன்றினாள்.

அவளோடு பேசக் கூடாது. ஆகையால் கிறிசாந்து மணலில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக் கத்தினான்: "ஏ காக்கா, விடச் சொல்லு! எல்லாரையும் பட்டினி போடாதன்னு சொல்லு!"

"கமிட்டியக் கூப்பிடுங்கல" என்றார் ததேயுஸ், யாரையும் பார்க்காமல். "மீனு போவுது, மீனு போவுது."

அக்கா மட்டும் இன்னும் விடவில்லை.

அக்காவின் முகம் பாறைப் பக்கம் திரும்பியிருந்தது. பாறையிடம்தான் சொன்னாள்.

"அவ விட்டா நாங்க புடிச்சுக்கிடுவோம். இந்த ஒரு நாளைக்கு விடட்டும்."

"இழுக்கத்தான வந்தேன்" என்றாள் அவள். "இழு, அக்கா."

மூன்று மூச்சு நேரம் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

பிறகு கயிறு ஒரு குலுக்குக் குலுக்கி, முன்னைவிடக் கனமானது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கால் வரை தண்ணீர். இடுப்பு வரை. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. இன்னும் ஐந்தாறு பேர் பிடித்திருந்தால் நின்றிருக்கும். கரையில் இருபத்திரண்டு பேர் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள்.

மேற்குக் கயிற்றுக்காரர்கள் அறியாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய் கிழக்கே திறந்தது.

முதலில் சில மீன்கள் துள்ளின. பிறகு அந்தக் கறுப்பு முழுவதும் ஒரே உடம்பாகத் திரும்பியது. வெயிலில் ஒரு தரம் வெள்ளையாக மின்னியது.

தண்ணீர் பச்சையானது.

அதற்குப் பிறகு கயிற்றில் கனமே இல்லை. அவள் ஒருத்தியால் இழுக்க முடிந்தது. கரை வரை இழுத்து வந்தாள்.

வலையின் மடியில் இரண்டு நண்டும் கொஞ்சம் பாசியும் இருந்தன.

கமிட்டி அன்று மாலை ஜெபமாலை முடிந்ததும் கூடியது. ஊரின் மீன் போனதற்குக் காரணம் அவள் என்று எழுதப்பட்டது. அவள் வீட்டு விலக்கு மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது.

பெர்ப்பெத்து வீட்டுக்கு ஒரு மாதம். கயிற்றைத் தாமதமாக விட்டதற்காக.