ஏறாத முள்

"வாங்க மேடம். வண்டிக்கு என்னங்க பிரச்னை?"

கூடப் பிறந்த அக்காவைப் பார்த்துத் தம்பி கேட்ட கேள்வி இது. கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கார் பட்டறை நடத்தும் தம்பியை ஒரு வார்த்தை கேட்காமல் போன வருஷம் அக்கா டர்போ கார் வாங்கினாள். அத்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. "அப்ப அவரையே மெக்கானிக்கா வெச்சுக்கோ" என்று அன்றைக்கு முறுக்கிக்கொண்டவன், அப்புறம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளும் இறங்கி வரவில்லை.

"சமதரையில நல்லாத்தாங்க போகுது," என்றாள் அக்கா, அதே மரியாதையோடு. "மேடு ஏறினா மூச்சு வாங்குது. அழுத்தாம, மெதுவா ஓட்டி உங்ககிட்டயே கொண்டுபோகச் சொன்னார் எங்க வீட்டுக்காரர்."

"ஏன், அவருக்குத் தெரியாததா?"

பானெட்டைத் திறந்து, பெட்ரோல் குழாயில், அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜை மாட்டினான். இன்ஜின் சும்மா ஓடியபோது பெரிதாகக் குறை ஒன்றும் தெரியவில்லை.

"டர்போ காத்தைத் திணிக்கத் திணிக்க, பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறணும். அதை மேட்டுலதான் பார்க்க முடியும். நீங்க ஓட்டுங்க, நான் முள்ளைப் பார்க்கிறேன்."

கேஜை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினான். ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி மேம்பாலம் வரை போனார்கள்.

"இப்ப அழுத்துங்க."

முட்டைமேல் கால் வைப்பதுபோல் வைத்தாள்.

"அழுத்துங்க மேடம்."

"அழுத்திட்டுத்தானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு அழுத்துறதா? நல்லா அழுத்துக்கா. சைக்கிள் ஓட்டுற காலத்துலயும் இப்படித்தான். நடந்து போறவங்க நம்மள முந்திட்டுப் போவாங்க."

"பின்னால உன்னை ஏத்தினா எவடா மிதிப்பா? தடியன்."

அந்தக் கோபத்தில் அழுத்தினாள். டர்போ விசிலடித்தது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது. கார் திணறியது. "போதும், காலை எடு, காலை எடு" என்று அவன் பதற, பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட, அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனையும் தொற்றிக்கொண்டது. பாலம் இறங்கியும் நிற்கவில்லை.

பட்டறைக்கு வந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு குழாய்களுக்கு நடுவே தலையை விட்டான். பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் பென்சில் பருமன் ரப்பர் ஓஸ் கழன்று கிடந்தது. அறுந்திருக்கவில்லை. யாரோ பக்குவமாகக் கழற்றி, அதன் வாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்து வைத்திருந்தார்கள்.

"டர்போ ஊதுது, அழுத்தத்தைக் கூட்டுன்னு சேதி சொல்றதே இந்த ஓஸ்தான்க்கா. இப்படியே அழுத்தி ஓட்டியிருந்தா இன்ஜின் போயிருக்கும். அத்தான் ஏதாவது நோண்டினாரா?"

"நேத்து பானெட்டுக்குள்ளதான் குடியிருந்தார்."

"நினைச்சேன். அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு..."

"ஏய், என் புருஷனை என் முன்னாடியே திட்டாதடா."

ஓஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, மறுபடியும் மேம்பாலம். இந்தத் தடவை விசிலோடு விசிலாக முள்ளும் ஏறியது. அதைப் பார்க்க வேண்டியவன், அவள் பக்கத்து வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, பாதி மேட்டில்தான் பார்த்தான்.

திரும்பி வந்தும் அத்தான்மேல் இருந்த ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. போனை எடுத்தான்.

"அத்தான், தெரியாத வேலையில எதுக்குக் கையை வைக்கிறீங்க? அந்த ஓஸை ஏன் கழட்டினீங்க?"

மறுமுனையில் அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேற எதைக் கழட்டினா மாப்ள அவ உன் பட்டறைக்கு வருவா? அதை விடு, பின்னால சிரிக்கிறது உங்கக்காதானே?"